வடபுலத்தின் கைவிடப்பட்ட ஓடுபாதைகள்: நிலமும் பொறுப்பும்

கனடாவின் வடபுலத்தை விமானத்திலிருந்து நோக்குவோர், எண்ணற்ற ஏரிகளுக்கிடையே நேர்கோடாய் நீளும் சில வெளிறிய கீற்றுக்களைக் காண்பர். ஊரும் தெருவும் அணுகாத இவ்விடங்களிலுள்ள அக்கீற்றுக்களுட் பல, சுரங்கக் கொம்பனிகளும் கனிப்பொருள் தேடுவோரும் தம் தேவைக்கென அமைத்துப் பின்னர் கைவிட்ட ஓடுபாதைகளாகும். ஒரு நிலத்திற்கும் அதனைப் பயன்படுத்திச் சென்ற மூலதனத்திற்கும் இடையிலான உறவுக்கு அவை சான்று என்ற நோக்கிலேயே இங்கு அவற்றை ஆராய முற்படுகின்றோம்.

முதலில், இத்தகைய ஓடுபாதைகள் ஏன் தேவைப்பட்டன என நோக்குவோம். கோடையில் தண்டரா நிலம் சதுப்பாகின்றது. பனிக்கட்டிப் பாதைகள் குளிர்காலத்தின் சில வாரங்களுக்கே பயன்படுவன. சிறு விமானங்கள் கோடையில் மிதவைகளுடனும் குளிர்காலத்தில் சறுக்குகட்டைகளுடனும் ஏரிகளில் இறங்கும். ஏரி உறையத் தொடங்கும் பருவத்திலும் உருகும் பருவத்திலும் அவ்விரண்டும் இயலா. கனரக இயந்திரங்களைக் கொணரும் பெருவிமானங்களுக்கோ நீண்ட, உறுதியான தளம் இன்றியமையாதது.

அத்தகைய தளத்திற்கு வேண்டிய சரளையைப் பெரும்பாலும் எசுக்கர்களே வழங்கின. பண்டைய பனிக்கட்டியாறுகளின் அடியில் ஓடிய நீர் படியவிட்ட மணல், சரளை ஆகியவற்றாலான நீண்ட மேடுகளே இவை. நீர் தேங்காத இம்மேடுகளில் ஓநாய்களும் நரிகளும் வளை அமைக்கின்றன; முன்னோர் பாசறையிட்ட தடயங்களும் புதைகுழிகளும் இவற்றிலேயே காணப்படுகின்றன. பொறியியலாளர் மிகச் சிறந்ததெனத் தெரிந்த இடம், விலங்குக்கும் மனிதனுக்கும் ஏற்கெனவே சிறந்த இடமாக இருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஓடுபாதையின் கீழுள்ள நிரந்தர உறைநிலமும் கவனத்திற்குரியது. மேற்பரப்பிலுள்ள பாசிப்படை ஒரு போர்வைபோல உறைநிலத்தைக் காக்கின்றது. அதனை அகற்றினால் அடிநிலம் உருகித் தாழும். எனவே பாசியின் மீதே தடித்த சரளைப்படையை இடுதல் நன்முறை. ஆயினும் பராமரிப்பு நின்றதும், ஓரங்களில் திரளும் பனி குளிர்காலக் குளிர் நிலத்துட் செல்லாவண்ணம் தடுக்கின்றது. கோடையில் அங்கு நீர் தேங்குகின்றது. ஓரங்கள் சரிகின்றன, தளம் வெடிக்கின்றது, மாறிமாறி வரும் உறைதலும் உருகுதலும் கற்களை மேலெழச் செய்கின்றன. மேலிருந்து சீராகத் தோன்றும் பாதை இறங்கும் விமானிக்கு ஆபத்தாக முடியலாம்.

இருவேறு சுரங்கங்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, கொன்ற்வொய்ற்றோ ஏரிக் கரையிலமைந்த லூப்பின் பொற்சுரங்கம், எக்கோ பே கொம்பனியால் விமானவழிப் போக்குவரத்தைக் கொண்டே உருவாக்கப்பட்டது. ஹேர்குலிஸ் விமானங்கள் கட்டடப் பொருள்களையும் இயந்திரங்களையும் அங்கு சுமந்தன. 1982 இல் தொடங்கிய உற்பத்தி இடைநிறுத்தங்களுடன் 2005 வரை நடைபெற்றது. ரிலிச்சோ மக்களின் பாரம்பரிய நிலத்திலமைந்த கொலோமக் சுரங்கமோ 1990 க்கும் 1997 க்கும் இடையில் விட்டுவிட்டே இயங்கியது. அதன் உரிமையாளரான றோயல் ஓக் கொம்பனி 1999 இல் முறிவுற, சயனைட்டு கலந்த கழிவுநீரும் டீசல் ஊறிய மண்ணும் மத்திய அரசின் பொறுப்பாயின. பொன் தனியாருக்கும் கழிவு பொதுமக்களுக்கும் உரியவாயின எனலாம்.

இவ்வனுபவங்களின் பின்னணியில், சுரங்கம் இயங்கும் காலத்திலேயே மீளமைப்புச் செலவுக்கு முழுப் பிணை பெறப்படவேண்டும் என்னும் கொள்கையைக் கனடிய அரசு 2002 இல் வெளியிட்டது. இது முன்னேற்றமே, எனினும் முன்னரே கைவிடப்பட்டவற்றின் சுமையை அது அகற்றவில்லை.

கைவிடப்பட்ட ஓடுபாதைகள் அனைத்தையும் அழித்துவிடவேண்டும் என்பது எமது வாதமன்று. அவசர இறக்கத்திற்கும், மாசுற்ற இடங்களைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கும் சில பயன்படக்கூடும். கொசுத் தொல்லையினின்று நீங்கக் கரிபு மான்கள் காற்றோட்டமான சரளைத் தளங்களை நாடுவதும் உண்டு. எதனைப் பேணுவது, எதனை அகற்றுவது என்பதை யார் தீர்மானிப்பது என்பதே அடிப்படை வினா. அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோரைக் கேளாது பாதை போடப்பட்டது. அதனை மூடும் வேளையிலேனும் அவர்கள் சொல் முதற்கண் கேட்கப்படுதல் வேண்டும்.