குண்டூரில் பிடித்த கிரகணம்

1868ஆம் வருஷம் ஆகஸ்டு 18ஆம் தேதி, ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்து ஜனங்களுக்குச் சூரியன் ஓரளவே மறைந்து தோன்றிய அதே காலையில், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில், மேஜர் டெனன்ட் என்ற அதிகாரி, 9 அங்குல ஆடி பொருத்திய தூரதரிசினி மூலம் பூரண கிரகணத்தைப் படம்பிடித்தார். அது எத்தனை சிரமசாத்தியமான வித்தை! கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் ஒளிபடச் செய்து, உடனே இருட்டறையில் துலக்கியாக வேண்டும். சூரியன் முழுதும் மறைந்திருந்ததோ ஆறு நிமிஷத்துக்கும் குறைவு. மெல்லிய மேகம் குறுக்கிட்டபோதிலும், கிடைத்த 6 தகடுகளில் சூரிய விளிம்பினின்று எழும் சுவாலைகள் பதிந்தன. அதே ஊரில் பிரெஞ்சு விஞ்ஞானி ழான்சென், அச்சுவாலைகள் தகிக்கும் வாயுவே என்று நிறமாலையால் கண்டார்.

1871ஆம் வருஷத்துக் கிரகணத்தில், நீலகிரித் தொட்டபெட்டாவிலும் அரபிக் கடலோரத்துப் பேக்கலிலும் எடுத்த படங்கள் தம்முள் ஒத்திருந்தமையால், சூரியனைச் சூழ்ந்த கொரோனா நம் காற்றுமண்டலத்தின் மாயத்தோற்றம் அன்று என்பது உறுதிப்பட்டது. என் மனத்துக்கு, இவ்விரு கிரகணங்களின் சாதனைகளுள் அவ்வொப்பீடே பெரியது.

இன்று படம்பிடிப்போர், தூரதரிசினியின் முகப்பில் மாட்டிய வடிகட்டியைப் பூரண மறைவின்போது மட்டுமே கழற்றவேண்டும். கொரோனாவின் உட்புறம் பிரகாசமாகவும் வெளிப்புறம் மங்கலாகவும் இருப்பதால், வெவ்வேறு கால அளவுகளில் பல படங்கள் எடுப்பதும் அவசியம். இந்தியாவில் அடுத்த பூரண கிரகணம் 2034 மார்ச் 20 அன்று, காஷ்மீரப் பகுதியில்.