பிரஸ்ஸில் இறங்கும் அரக்கு காபி

திருப்பதி மாவட்டம் வரதய்யபாளையம் மண்டலத்தில் குவ்வகொல்லி என்றொரு கிராமம். சிசிஎல் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் காபி ஆலை 2019 முதல் அங்கே ஓடுகிறது. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில்தான் திருப்பதி தனி மாவட்டமானது. காபிச் சாற்றை உறையவைத்து, வெற்றிடத்தில் அதன் பனியை நீராக விடாமல் நேராக ஆவியாக்கி, மணிமணியான இன்ஸ்டன்ட் காபியாக்கும் ஆலை அது. சரக்கில் பெரும்பங்கு கப்பலேறிவிடுகிறது. அதே வட்டாரத்தில் இருக்கும் நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் விடிந்ததும் அடுப்படியில் நிற்பது எவர்சில்வர் பில்டர்தான். தமிழ் பேசும் வீடானாலும் தெலுங்கு பேசும் வீடானாலும் டிகாக்‌ஷன் இறங்காமல் அன்றைய வேலை தொடங்குவதில்லை.

இந்த அடுப்படிகளுக்கு இப்போது இன்னொரு பாத்திரமும் வந்து சேர்கிறது. கண்ணாடிக் குடுவை, நடுவில் கம்பி, கம்பியின் நுனியில் சல்லடை. பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கிவரும் பிரெஞ்ச் பிரஸ். பல வீடுகளில் அது சீக்கிரமே பரணுக்குப் போய்விடுகிறது. ‘தண்ணியா இருக்கு, அடியில மண்டி நிக்குது, கசக்குது’ என்பதுதான் எங்கும் கேட்கிற குறை. குறை நியாயமானது. ஆனால் பாத்திரத்தின் மேல் தப்பில்லை. பில்டருக்கு அரைத்த பொடியைத் தூக்கி பிரஸ்ஸில் போட்டால் வேறு எதுவும் கிடைக்காது.

பில்டரில் தண்ணீர் தன் எடையாலேயே பொடிக்குள் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அதற்குச் சற்று நைசான பொடி வேண்டும், சிக்கரியும் உதவும். சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சொட்டும் வேகத்தைக் குறைக்கும்; டிகாக்‌ஷனுக்குக் கருநிறமும் கனமும் தரும். பிரஸ்ஸில் நடப்பது வேறு. பொடி முழுவதும் தண்ணீருக்குள் ஊறிக் கிடக்கிறது. நைசான பொடி ஊறினால் நாலு நிமிடத்தில் கசப்பெல்லாம் வெளியே வந்துவிடும், சல்லடையும் அடைத்துக்கொள்ளும். சிக்கரி ஊறிக் கொழகொழப்பாகிவிட்டால் கம்பியை அழுத்தவே முடியாது. பலமாக அழுத்தினால் வெந்நீர் மேலே பீறிட்டுக் கையைச் சுடும். இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கம்பி இறங்க மறுத்தால் அழுத்துவதை நிறுத்திவிட்டு, கொஞ்சம் மேலே தூக்கி, மறுபடி மெதுவாக விட வேண்டும்.

ஆகவே முதல் வேலை பொடிக்கடையில். சித்தூரிலும் திருப்பதியிலும் கண்ணெதிரே அரைத்துத் தரும் கடைகளில் பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்று கொட்டைக்குத் தரப்பெயர் சொல்லி, சிக்கரி இத்தனை என்று கேட்டு வாங்குவதுதான் பழக்கம். பாக்கெட்டாக வாங்கினால் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அப்படியென்றால் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். பிரஸ்ஸுக்கு வாங்கும்போது, ‘அண்ணா, சிக்கரி வேணாம், சம்பா ரவை மாதிரி பெருசா அரைச்சுக் குடுங்க’ என்று கேட்டால் போதும். வீட்டு மிக்ஸியில் அரைப்பவர்கள் விட்டுவிட்டு ஓட்டி, ரவை சலிக்கும் சல்லடையில் ஒருமுறை சலித்து, கீழே விழும் தூளைத் தனியே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தூள் வீணாகாது, பில்டருக்குப் போகும்.

எந்தக் கொட்டை? இங்குதான் ஆந்திராக்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. இந்தியக் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்தில் விளைகிறது. சிக்மகளூர் சித்தூருக்குச் சுமார் 400 கிலோமீட்டர். மாநிலத்தின் சொந்தக் காபி விளையும் அரக்குப் பள்ளத்தாக்கோ, பாடேரைத் தலைநகராகக் கொண்ட அல்லூரி சீதாராம ராஜு மாவட்டத்தில், 800 கிலோமீட்டருக்கும் அப்பால் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. இந்தப் பக்கத்து நாக்குக்குக் கர்நாடகக் கொட்டை பழகிப்போனதற்குத் தூரமும் ஒரு காரணம். அரக்கில் காபி பயிரிடுவது பழங்குடிக் குடும்பங்கள். பெரிய எஸ்டேட்டுகள் அல்ல, சிறு சிறு நிலங்கள். சில்வர் ஓக் நிழலில் அரபிகா செடி, மரத்தில் ஏறும் மிளகுக் கொடி. கிரிஜன் கூட்டுறவுக் கழகம் அவர்களிடம் வாங்கி விற்கிறது. நாந்தி அறக்கட்டளை கைகொடுத்து உருவான ‘அரக்கு’ காபிக்கு 2017இல் பாரிஸில் கடையே திறந்தார்கள். 2019இல் அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி அரபிகாக்களும் வயநாடு ரோபஸ்டாவும் அதே ஆண்டில் அந்தக் குறியீட்டைப் பெற்றன.

பாரிஸ்காரர்கள் குடித்துப் பாராட்டிய கொட்டையின் குணம் திருப்பதி வீட்டில் தெரிய வேண்டுமானால், அதைச் சிக்கரிக்கும் கெட்டிப் பாலுக்கும் சர்க்கரைக்கும் அடியில் புதைக்கக் கூடாது. அரக்கு அரபிகாவில் ஒரு மெல்லிய பழப் புளிப்பும் இயல்பான இனிப்பும் உண்டு. பிரஸ்ஸின் உலோகச் சல்லடை காபியின் எண்ணெயைத் தடுக்காமல் கோப்பைக்கு அனுப்புவதால், அந்தச் சுவை கனத்தோடு வாயில் நிற்கும். காகிதத்தில் வடித்தால் தெளிவு கிடைக்கும், இந்தக் கனம் கிடைக்காது. பில்டரைக் கைவிட வேண்டியதில்லை. காலை டபரா செட் அதன் இடத்திலேயே இருக்கட்டும். மாலையில் பால் இல்லாமல் ஒரு கோப்பை குடிக்க விரும்புகிறவர்களுக்கு பிரஸ்ஸைப் போல எளிய வழி இன்னொன்றில்லை. மின்சாரம் வேண்டாம், காகிதம் வேண்டாம், கைத்திறன் பெரிதாக வேண்டாம்.

அளவு இதுதான்: 450 மில்லி தண்ணீருக்கு 30 கிராம் பொடி, ஏறத்தாழ ஒன்றுக்குப் பதினைந்து. சமையலறைத் தராசு இருந்தால் நல்லது. ஸ்பூன் கணக்கு கொட்டைக்குக் கொட்டை மாறும். முதலில் வெறும் வெந்நீரை ஊற்றிக் குடுவையைச் சூடாக்கிக் கொட்டிவிட வேண்டும். பொடியைப் போட்டு, கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றியதும் மேலே நுரை பொங்கி எழும். வறுத்தபோது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியேறும் நுரை அது. நுரை கொஞ்சமும் எழவில்லை என்றால் பொடி பழசு. நாலு நிமிடம் கழித்துப் பார்த்தால் மேலே பொடி ஆடையாகப் படிந்திருக்கும். ஸ்பூனால் அதை மெல்லக் கலைத்தால் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். மிதக்கிற நுரையையும் தூளையும் வழித்தெடுத்துவிடலாம். 2007இல் உலக பாரிஸ்டா சாம்பியன் ஆன ஜேம்ஸ் ஹாஃப்மன் இதற்கு மேலும் ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார். கம்பியை அடிவரை அழுத்தவும் வேண்டாம் என்கிறார். சல்லடை காபியின் மேற்பரப்பைத் தொட்டால் போதும், அப்படியே ஊற்றலாம். மண்டி கிளம்பாமல் இருக்க இதைவிட நல்ல யோசனை இல்லை. ஊற்றுவதென்றால் முழுவதையும் ஊற்றிவிட வேண்டும். பாதியைக் குடுவையிலேயே விட்டால் அது ஊறிக்கொண்டே போகும்.

பால் இல்லாமல் முடியாது என்பவர்கள் பொடியைக் கூட்ட வேண்டும். 450 மில்லிக்கு 50 கிராம் போட்டு எடுத்து, மூன்றில் ஒரு பங்கு சூடான பால் சேர்த்தால் தண்ணீராகத் தெரியாது. பாலுக்குப் பஞ்சமில்லாத மாவட்டங்கள் இவை. பில்டர் காபி மாதிரி பாதிக்குப் பாதி பால் ஊற்றினால் மட்டும் ஏமாற்றம்தான்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்த ஊர்களில் காபியைப் பற்றிப் பேச முடியாது. போர் தண்ணீர் கடினத் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர அமைவனம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. போர் தண்ணீரில் கடினத்தன்மையோடு சேர்ந்து வரும் பைகார்பனேட் காபியின் புளிப்பைத் தின்றுவிடும், சுவை சப்பென்று சுண்ணாம்பு வாடையோடு நிற்கும். நேர்மாறாக, ஆர்.ஓ. இயந்திரம் உப்பை எல்லாம் உறிஞ்சிவிட்ட தண்ணீரில் சுவை சரியாக இறங்காது. ஆர்.ஓ. தண்ணீரில் கால் பங்கு நகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் கலந்து கொதிக்கவைத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

சூடும் ஊருக்கு ஊர் மாறும். காபிக்கு 92 முதல் 96 டிகிரி வரை பொருத்தம். கீழ்த்திருப்பதியில் தண்ணீர் கிட்டத்தட்ட 99.5 டிகிரியில் கொதிக்கிறது; அடுப்பை அணைத்து அரை நிமிடம், ஒரு நிமிடம் விட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் திருமலையில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மதனப்பள்ளிக்கு அருகே ஹார்ஸ்லி ஹில்ஸ் 1,265 மீட்டர். அங்கே 96 டிகிரி, காத்திருக்கவே வேண்டாம்.

பெயர் பிரெஞ்ச் என்றாலும் இந்தப் பாத்திரத்துக்கு ஒரே தாய்நாடு இல்லை. 1852இல் பாரிஸில் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் காப்புரிமை பெற்றார்கள். 1929இல் மிலானைச் சேர்ந்த கலிமானி அதைச் செம்மைப்படுத்தினார். இன்று கடையில் கிடைக்கும் வடிவம் இன்னோர் இத்தாலியரான பொண்டானினியின் 1958ஆம் ஆண்டு வடிவமைப்பையே பெரிதும் ஒட்டியது.

உடல்நலம் பற்றி ஓர் எச்சரிக்கை. காகிதம் தடுக்கிற கஃபெஸ்டால் என்ற பொருளை பிரஸ்ஸின் சல்லடை தடுப்பதில்லை. அது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டக்கூடியது. நார்வேயில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 20 ஆண்டுகள் கவனித்து 2020இல் வெளியான ஆய்வு, காகிதத்தில் வடிகட்டிய காபி குடித்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்ததாகக் கண்டது. கொலஸ்டிரால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் பிரஸ் காபி குடிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது; பிரஸ்ஸில் எடுத்த காபியைக் காகிதத்தில் மறுபடி வடித்தும் குடிக்கலாம்.

குடித்து முடித்ததும் சல்லடையின் மறையைக் கழற்றி ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே கழுவ வேண்டும். இடையில் தங்கும் எண்ணெய் மறுநாளே சிக்கு வாடை அடிக்கும். மண்டியைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும். மக்கும் குப்பையில் சேர்த்தால் செடிக்கு உரமாகும். கொட்டையை ஒரேயடியாக ஒரு கிலோ வாங்கிவைக்காமல், வறுத்த தேதி பார்த்துக் கால் கிலோவாக வாங்குவது மேல். அரக்கில் நவம்பரில் தொடங்கும் பழப்பறிப்பு பிப்ரவரி வரை நீள்கிறது. உலர்த்தி, தோல் நீக்கி, வறுத்து, புது மகசூல் உகாதியை ஒட்டிக் கடைக்கு வரத் தொடங்கும். இந்த ஆண்டுக் கொட்டைதானா என்று அப்போது கேட்டு வாங்கலாம்.