வந்தவரை ஏன் திட்டுகிறார்கள்?



'தனிமை ஒரு சுகம்'னு எதிரணித் தம்பி அழகாப் பேசிட்டுப் போனார். பொண்டாட்டி ஊருக்குப் போனா ரெண்டு நாளைக்கு எல்லாருக்கும் சுகம்தான் ஐயா! (சிரிப்பு) மூணாவது நாள், பால் போட வந்தவரை நிறுத்தி வச்சு அரசியல் பேசுவீங்க.

ஏன்? அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 40 பேரை, ஒவ்வொருவராக, 10 மணி நேரம் தனி அறையில் வைத்தார்கள். பேச்சுத் துணை கிடையாது, போன் கிடையாது. இன்னொரு நாள் அதே ஆட்களை 10 மணி நேரம் பட்டினி போட்டார்கள். பிறகு மூளையைப் படம் பிடித்தார்கள். பட்டினி கிடந்தவருக்குச் சாப்பாட்டுப் படத்தைக் காட்டியபோது நடுமூளையில் எந்த இடம் துள்ளியதோ, தனியே இருந்தவருக்கு நாலு பேர் கூடிப் பேசுகிற படத்தைக் காட்டியபோதும் அதே இடம் துள்ளியது. துணை தேடுறது பலவீனம் இல்லைங்க, பசி!

ஆனா இந்தப் பசியில ஒரு கோளாறு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஜான் கேசியோப்போ. நெடுநாள் தனிமைப்பட்ட மனசு ஆளுக்கு ஏங்கும், அதே சமயம் வர்ற ஆளைச் சந்தேகப்படும் என்கிறார். கூட்டத்தை விட்டுப் பிரிந்த ஆதி மனிதனுக்கு ஒவ்வொரு சலசலப்பும் ஆபத்து. அந்த எச்சரிக்கை உடம்பை விட்டு இன்னும் போகவில்லை. தூக்கம்கூடத் துண்டு துண்டாகத்தான் வரும்.

இதைப் படிச்ச அன்னிக்குத்தான் எங்கம்மா எனக்குப் புரிஞ்சாங்க.

அப்பா போன பிறகு ஊர்ல தனியா இருக்காங்க. மாசம் ஒரு தடவை போவேன். வாசப்படி ஏறினா, "வாப்பா"ன்னு ஒரு வார்த்தை வராது. "யாரு, வீடு மாறி வந்துட்டீங்களா?"ம்பாங்க. (சிரிப்பு) பக்கத்து வீட்டு அக்கா ரகசியமாச் சொல்லும், "காலையிலேர்ந்து மூணு தடவை பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தாங்க தம்பி." எனக்கோ கோபம். திட்டு வாங்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? மாசம் ஒண்ணு, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணாச்சு. நான் குறைக்கக் குறைக்கத் திட்டு கூடுச்சு. திட்டு கூடக்கூட நானும் குறைச்சேன்.

போன தீபாவளிக்குப் போனேன். "வழி தெரிஞ்சுதா?"ன்னாங்க. பதிலே பேசலை. பையை வச்சுட்டுத் திண்ணையில உட்கார்ந்துட்டேன். முழுசா ஒரு மணி நேரம் திட்டினாங்க. அப்புறம் உள்ள போய்த் தட்டு வச்சாங்க. சோத்தைப் போட்டுக்கிட்டே, என் முகத்தைப் பார்க்காம, "ரெண்டு நாள் இருப்பியா?"ன்னாங்க.

நடுவர் மணி அடிக்கிறாங்க. எதிரணித் தம்பி, எங்கூட ஊருக்கு வாங்க. எங்கம்மாகிட்ட சொல்லுங்க, தனிமை சுகம்னு. (கைதட்டல்)