அலமாரி நீங்களே செய்யுங்க... அறைக்குள்ளே வேண்டாம்!

பல்லடத்துக்காரர் நமக்குத் தறிப் பஞ்சு என்றால் பயம். மரத்தூள் என்றால் அலட்சியம்! ஒருவர் லீவு நாளில் படுக்கையறையிலேயே தேக்குப் பலகையை உப்புத்தாளால் தேய்த்து அலமாரி செய்தார். ராத்திரி இரைத்தது அவருக்கல்ல, நாலு வயசு மகளுக்கு. "ஏனுங்க டாக்டர், கஷாயம் ஏதாச்சும் குடுங்க" என்றார். கஷாயம் இருக்கட்டும், முதலில் அறையை ஈரத்துணியால் துடையுங்க என்றேன்.

இழைப்புளிச் சுருள் கீழே விழுந்துவிடும். உப்புத்தாள் கிளப்பும் மாவுத்தூள்தான் மிதந்து நுரையீரல் வரை போகிறது. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே அறிவித்திருக்கிறது. அந்தப் பயம் வருஷக்கணக்கில் உழைக்கும் தச்சருக்கு. நமக்குத் தும்மல், அரிப்பு, இரைப்பு.

வாசலில் வைத்துத் தேயுங்க. துண்டு கட்டினால் போதாது, என்95 முகக்கவசம் வேணும். விளக்குமாறு தொடாதீங்க. குழந்தை பேச முடியாமல் மூச்சுத் திணறினால் என்னைத் தேடாதீங்க. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.