சனிக்கிழமை சாயங்காலம் ஏன் இனிக்கிறது?

திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளில் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களின் நடையே வேறு. உடம்பில் ஆறு நாள் களைப்பு. பேச்சோ அதற்குள் மறுநாள் காசிமேட்டு மீன் சந்தைக்குப் போயிருக்கும். வஞ்சிரமா, சங்கராவா? ஓய்வு இன்னும் தொடங்கவே இல்லை. பிறகு சந்தோஷம் எங்கிருந்து வருகிறது?

மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் உண்டு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து இந்த அணுக்களைக் கவனித்தார். முதலில், சாறு நாக்கில் பட்டதும் அணுக்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கைக் கண்டதுமே துடித்தன. சாறு வந்தபோது கூடுதல் துடிப்பு இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. 2017-இல் ஷுல்ட்ஸும் வேறு இருவரும் மூளை ஆய்வுக்கான பிரெயின் பரிசு பெற்றார்கள்.

மனித மனம் இதைவிடச் சிக்கலானதுதான். ஆனாலும் நமக்குச் சனிக்கிழமை ஷிஃப்ட் முடியும் ஆலைச் சங்குதான் அந்த விளக்கு. "நாளைக்கு ஓவர்டைம், வந்துடுப்பா" என்று ஆலை வாசலருகே ஒரு குரல் கேட்டதும் முகம் வாடுகிறதே, அது சோம்பலில்லை. வரவேண்டியது வராமல் போன ஏமாற்றம்.

பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு நாராயண் மேகாஜி லோகாண்டே 1890-இல் போராடி வாங்கித் தந்தது ஞாயிறு விடுமுறை. அந்த விடுமுறையை எதிர்பார்த்து மகிழவும் வழி வேண்டும். அதனால் ஷிஃப்ட் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீக் ஆஃப் என்றைக்கு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரிந்தால்தான் எதிர்பார்க்க முடியும்.