கித்துல்கலையில் ஒரு பாலத்தின் அடித்தடம்

ஹட்டன் பஸ்ஸில் அவிசாவளை, எட்டியாந்தோட்டை தாண்டினால் களனி கங்கை வீதியோடு கூடவே வரும். அங்கே வரும் ஊர்தான் கித்துல்கலை. நுரைத்துப் பாயும் தண்ணீரில் ரப்பர் படகு விடத்தான் பலரும் இங்கே வருகிறார்கள். கொஞ்சம் நடக்கவும் நேரம் வையுங்கள்.

'குவாய் நதிப் பாலம்' படத்துக்காக இந்த ஆற்றில்தான் மரப்பாலம் கட்டினார்கள். 1957 மார்ச்சில், ஓடும் ரயிலோடு சேர்த்து அதை வெடிவைத்துத் தகர்த்துப் படம்பிடித்தார் இயக்குநர் டேவிட் லீன். படத்துக்கு 7 ஆஸ்கார் விருதுகள். மரங்களுக்கிடையே கரைக்கு இறங்கினால், பாலத்தைத் தாங்கிய சீமெந்து அடித்தளங்களை இன்றும் தொட்டுப் பார்க்கலாம்.

தொடும்போது ஒன்றை நினையுங்கள். படம் சொன்னது, சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் பாலம் கட்டிய போர்க்கைதிகளின் கதை. நிஜத்தில் அந்தப் பாதை போட, 1942, 43இல் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரையும் ஜப்பானியர் கொண்டுபோனார்கள். நம்மைப்போல லயத்தில் வாழ்ந்த சனம். திரும்பாதவர்கள் ஏராளம். அவர்கள் கதை அந்தப் படத்தில் இல்லை.

குளிப்பதானால் ஊர்க்காரரைக் கேட்டு இறங்குங்கள். மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால் ஆறு சட்டென்று ஏறும். திரும்பும்போது ஒரு போத்தல் கித்துல் பாணி வாங்க மறக்காதீர்கள். ஊருக்குப் பெயர் தந்ததே அந்தக் கித்துல் மரம்தான்.