நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்: மருந்தைக் கண்டறிந்தது முதல் மருந்தை நிறுத்துவது வரை

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மரபணுப் பிறழ்வை இலக்காகக் கொண்ட மருந்து ஓர் இரத்தப் புற்றுநோயின் போக்கை மாற்றியதை இக்கட்டுரை விளக்குகிறது. உயிர்பிழைத்தலோடு, மருந்தின்றி வாழ்தலும் இன்று சிகிச்சையின் இலக்காகியுள்ளது. அவ்விலக்கு மருந்தின் விலையையும் துல்லியமான பரிசோதனையையும் சார்ந்தது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பிலடெல்பியா குரோமோசோம், இமாட்டினிப், காப்புரிமை, மருந்தில்லாத் தணிவுநிலை.

நோயின் வேர்

1960இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு ஆகியோர் இந்நோயரின் இரத்த அணுக்களில் இயல்பினும் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதே இதற்குக் காரணம் என்பதை 1973இல் ஜேனட் ரௌலி நிறுவினார். இவ்விடமாற்றத்தால் இரு மரபணுக்கள் ஒன்றாக இணைகின்றன. இணைந்த மரபணு உருவாக்கும் டைரோசின் கைனேஸ் நொதி இடையறாது இயங்கி, வெள்ளணுக்களைக் கட்டுப்பாடின்றிப் பெருக்குகிறது.

மருந்தின் செயற்பாடு

இந்நொதி ஏடிபி மூலக்கூற்றிலிருந்து பாஸ்பேட்டைப் பெற்றுப் பிற புரதங்களுக்கு அளிக்கிறது. ஏடிபி பொருந்த வேண்டிய இடத்தில் இமாட்டினிப் அமர்ந்துகொள்வதால் அச்செயல் தடைபடுகிறது. அமெரிக்காவில் 2001இல் இம்மருந்து ஒப்புதல் பெற்றது. ஐரிஸ் என்னும் மருத்துவ ஆய்வில், இமாட்டினிப் பெற்ற பிரிவினருள் 10 ஆண்டுகளுக்குப் பின் உயிர்வாழ்வோர் 83.3 விழுக்காடு என மதிப்பிடப்பட்டது. நொதியில் தோன்றும் புதிய பிறழ்வுகளால் சிலரிடம் இம்மருந்து பயனற்றுப் போவதுண்டு. தாசாடினிப், நிலோட்டினிப் முதலிய மருந்துகள் அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்தன.

விலையும் காப்புரிமையும்

நாள்தோறும் உட்கொள்ள வேண்டிய மருந்தின் பயனை அதன் விலையே வரையறுக்கிறது. இந்தியாவில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாயும், உள்நாட்டு நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்துக்கு ஏறத்தாழ 10,000 ரூபாயும் செலவாயின. இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்திற்குக் காப்புரிமை கோரிய விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம் கூடுதல் செயல்திறனைக் காட்டாவிடில் அது காப்புரிமை பெறாது என்பது சட்டத்தின் 3(டி) பிரிவு. ‘செயல்திறன்’ என்பது மருந்தைப் பொறுத்தவரை நோய்தீர்க்கும் திறனையே குறிக்கும் எனக் கொண்டு, உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

மருந்தை நிறுத்துதல்

நீண்டகாலம் மருந்துண்போர் களைப்பு, தசைப்பிடிப்பு, வீக்கம் ஆகியவற்றுக்கு ஆளாகின்றனர். கருவுற்ற காலத்தில் இம்மருந்தைத் தவிர்க்க வேண்டியிருப்பதால், இளம்பெண்களுக்கு மருந்தை நிறுத்த இயலுமா என்பது வாழ்வின் வினாவாகிறது. பிரான்சில் நடைபெற்ற ஸ்டிம் ஆய்வில், குறைந்தது 2 ஆண்டுகள் நோய்த்தடயம் புலப்படாத 100 பேர் மருந்தை நிறுத்தினர். ஓராண்டுக்குப் பின்னும் தணிவுநிலை நீடிக்கும் வாய்ப்பு 41 விழுக்காடு என 2010இல் அறிவிக்கப்பட்டது. நோய் மீண்டவர்களுள் பெரும்பாலோருக்கு அது முதல் 6 மாதங்களுக்குள் நிகழ்ந்தது. மருந்தை மீண்டும் தொடங்கியதும் அவர்களுக்கு நோய் கட்டுப்பட்டது.

முடிவுரை

மருந்தை நிறுத்தியவரிடம் இணைந்த மரபணுவின் அளவைத் தொடக்கத்தில் மாதந்தோறும் அளந்தறிதல் இன்றியமையாதது. அப்பரிசோதனை எட்டாத இடத்தில் மருந்தை நிறுத்துவது இடர் மிக்கது. மலிவான மருந்து நோயரின் உயிரைக் காத்தது; அவர் மருந்திலிருந்து விடுபட, மலிவான பரிசோதனையும் வேண்டும்.